முக்கோணத்தின் உச்சி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓவியப் பயிற்சி முடித்து, இரண்டு ஆண்டுகளாகச் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்து வருகிறேன். பயிற்சி வகுப்பில் கம்போசிஷன், அதாவது படத்துக்குள் உருவங்களை அமைக்கும் முறை, அதன் வகைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: முக்கோணம், மூலைவிட்டம், வட்டம், சமச்சீர், எஸ் வடிவம், எல் வடிவம், மூன்றில் ஒரு பங்கு விதி, தங்க விகிதம். அண்மையில் ஒரு கதைக்கு, பேருந்து நிறுத்தத்தில் இரவு வெகுநேரம் அப்பாவுக்காகக் காத்திருக்கும் சிறுவனை வரைந்தேன். அவன் தலை உச்சியாகவும், புத்தகப் பையும் பெஞ்சும் அடிப்பகுதியாகவும் அமையுமாறு முக்கோண அமைப்பை அப்படியே பின்பற்றினேன். படத்தைப் பார்த்த ஆசிரியர், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பையன் யாருக்காகவும் காத்திருப்பதுபோல் தெரியவில்லையே" என்றார். நான் எந்த வகையைத் தேர்ந்திருக்க வேண்டும்? பெரிய ஓவியர்கள் உண்மையிலேயே இவற்றை நினைத்துத்தான் வரைந்தார்களா, அல்லது பின்னால் வந்தவர்கள் அவர்களுடைய படங்களின் மேல் கோடு போட்டுக் கண்டுபிடித்தவையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஆசிரியர் சொன்னதை இரண்டு மூன்று முறை படித்தேன். படம் வரைகிறவருக்கு இவ்வளவு துல்லியமான விமரிசனம் எளிதில் கிடைப்பதில்லை. அவர் உங்கள் கையைக் குறை சொல்லவில்லை. பையனின் முகத்தையோ பெஞ்சையோ திருத்தச் சொல்லவில்லை. படத்துக்குள் கண் போகும் வழியில் ஏதோ தவறியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கம்போசிஷன் என்பது அந்த வழிதான்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டுமே நடந்திருக்கின்றன. மிலான் நகரின் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தில், துறவிகள் உணவருந்தும் கூடத்தின் சுவரில் லியனார்டோ டா வின்சி 1490களில் தீட்டிய 'இறுதி இராவுணவு' ஓவியத்தில், கூரைச் சட்டங்களும் பக்கச் சுவர்களும் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் கோடுகள், அதாவது தொலைவை உணர்த்தக் குவிந்து செல்லும் கோடுகள், அத்தனையும் இயேசுவின் தலையில் வந்து கூடுகின்றன. அவருடைய நெற்றிப்பொட்டருகே சுவரில் ஆணி அடித்த சிறு துளை இருப்பது பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. ஓர் ஆணியை அடித்து, அதிலிருந்து கோடுகளை இழுத்தவர், தாம் செய்வது இன்னதென்று அறிந்தே செய்திருக்கிறார்.

தங்க விகிதத்தின், அதாவது ஏறத்தாழ 1.618க்கு 1 என்னும் விகிதத்தின், கதை வேறு. அதைப் பற்றி இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1509இல் வெளியிட்ட நூலுக்கு லியனார்டோ வடிவியல் உருவங்கள் வரைந்து கொடுத்தது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மோனா லிசாவின் முகத்தின் மேல் அந்த விகிதத்தில் அமைந்த சுருள்கோட்டைப் பொருத்திக் காட்டுவதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று எதுவும் இல்லை. இயற்கைக்கும் கலைக்கும் பொதுவான அழகு விதி அதுவே என்னும் கருத்து, 1854இல் அடோல்ஃப் ட்சைசிங் என்ற ஜெர்மானியர் எழுதிய நூலுக்குப் பிறகே பெரிதாகப் பரவியது. மூன்றில் ஒரு பங்கு விதியும் தொடக்கத்தில் இன்று சொல்லப்படுவதுபோல் இருக்கவில்லை. 1797இல் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்த ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித், நிலக்காட்சியைச் சரிபாதியாகப் பிரிக்காமல், ஒன்றுக்கு இரண்டு பங்கும் மற்றொன்றுக்கு ஒரு பங்கும் கொடுக்கவேண்டும் என்ற பொருளில்தான் அதைச் சொன்னார். கைபேசி கேமராவில் படத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளின் நான்கு வெட்டுப்புள்ளிகளில் ஒன்றில் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் படம் அமைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. எஸ் வடிவமும் எல் வடிவமும் பயனுள்ள பெயர்கள்தாம். ஆற்றையோ, ஒரு மரத்தையும் அதன் அடியில் நீளும் தரையையோ வரையும்போது தாமாகவே வந்து சேரும் என்பதால் அவற்றில் நான் நிற்கப்போவதில்லை.

முக்கோணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை நம்பிப் போயிருக்கிறீர்கள். முக்கோணம் நிலைத்தன்மையைத் தரும் என்று உங்கள் பட்டியலில் எழுதியிருக்கும். வியன்னாவில் உள்ள, இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1500களின் தொடக்கத்தில் வரைந்த புல்வெளி மாதா ஓவியத்தைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். தாயின் தலை உச்சி. கீழே விரிந்த நீல ஆடையும் இரண்டு குழந்தைகளும் அடி. அந்த அடி மண்ணில் அழுத்தமாக ஊன்றியிருக்கிறது. கண் உச்சிக்குப் போகிறது, தாயின் பார்வையோடு குழந்தைகளிடம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வெளியே போகவேண்டிய தேவையே அதற்கு இல்லை.

அதே முக்கோணத்தைத் பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோ என்ன செய்தார் என்று பாருங்கள். 1816 ஜூலையில் மெதூஸ் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் தரைதட்டியபோது, படகுகளில் இடம் கிடைக்காத ஏறத்தாழ 150 பேர் அவசரமாகக் கட்டிய ஒரு தெப்பத்தில் ஏற்றப்பட்டு, பின்னர் கடலில் கைவிடப்பட்டார்கள். 13 நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் அவர்களைக் கண்டெடுத்தபோது 15 பேரே உயிரோடிருந்தார்கள். ஜெரிக்கோ உயிர்தப்பியவர்களைச் சந்தித்தார், தெப்பத்தின் மாதிரியைச் செய்யச்சொல்லி வாங்கினார், தெப்பத்தில் நடந்த கலகம், பசிக்கொடுமை, மீட்புப் படகு நெருங்கும் நேரம் என்று வெவ்வேறு தருணங்களைச் சிறு படங்களாக வரைந்து பார்த்தார். கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது, தொலைவில் கப்பல் தென்படும், ஆனால் அது தங்களைப் பார்த்ததா என்று தெரியாத தருணம். 1819இல் அவர் காட்சிக்கு வைத்த அந்த ஓவியம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் 7 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்டது. இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. பாய்மரமும் அதைக் கட்டிய கயிறுகளும் இடப்பக்கத்தில் ஒன்றை உண்டாக்குகின்றன. மற்றொன்று உடல்களால் ஆனது: முன்புறத்தில் பிணங்கள், அவற்றின் அருகே இறந்த மகனை மடியில் கிடத்தி, கப்பல் இருக்கும் திசைக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் முதியவர், அதற்கு மேல் எழ முயல்பவர்கள், கை நீட்டுபவர்கள், எல்லோருக்கும் மேலே ஒரு பீப்பாயின் மீது ஏறித் துணியை வீசும் கறுப்பின மனிதர். கண் அந்த உடல்களின் மேல் படிப்படியாக ஏறி உச்சியை அடையும்போது அங்கே அதற்குக் கிடைப்பது ஒரு கந்தல் துணி. முகத்தைப் பார்க்கலாம் என்றால் அவர் முதுகைக் காட்டி நிற்கிறார். ஆகவே அவர் பார்க்கும் பக்கம் நாமும் போகிறோம். அடிவானத்தில், நகத்தால் சுரண்டிவிடலாம் என்னும் அளவில் ஒரு புள்ளி. அதுதான் ஆர்கஸ். இதற்கிடையில் பாய் இடப்புறமாகப் புடைத்திருக்கிறது, அதாவது காற்று தெப்பத்தைக் கப்பலிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது. மனிதர்கள் ஒரு பக்கம் இழுக்க, கடல் மறுபக்கம் இழுக்கிறது.

இரண்டும் முக்கோணந்தான். ரஃபேலின் முக்கோணம் மண்ணில் ஊன்றி ஒரு தாயின் முகத்தில் முடிகிறது. ஜெரிக்கோவின் முக்கோணம் அலையில் ஆடும் பலகைகளின் மேல் நின்று, தனக்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளிக்கு நம்மைத் தூக்கி எறிகிறது. ஆகவே வகையின் பெயரைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். உச்சியில் என்ன இருக்கிறது, அடி எதன்மேல் நிற்கிறது, உச்சியை அடைந்த கண் அதன்பின் எங்கே போகிறது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அமைப்பு. உங்கள் படத்தில் உச்சி பையனின் தலை, அடி பெஞ்சு. கண் அவனிடம் போய் இளைப்பாறிவிடுகிறது. காத்திருப்பவனுடைய மனம் அவனிடத்தில் இருப்பதில்லை. இன்னும் வராத ஒன்றிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு காத்திருப்பை ரஃபேலின் முக்கோணத்துக்குள் உட்காரவைத்துவிட்டீர்கள்.

நடுவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முக்கியமானதை நடுவில் வைப்பது நமக்குப் பழகிய வழக்கம். தஞ்சாவூர் ஓவியத்தில் நடுவில் தெய்வம் பெரிதாக, இருபுறமும் தூண்களும் திரையும் அடியார்களுமாகச் சமச்சீராக அமைந்திருக்கும். பூசைக்குரிய படத்தில் பார்ப்பவர் தெய்வத்தின் எதிரே வந்து நிற்கவேண்டும் என்பதால் அதற்கு அதுவே பொருத்தம். ஆனால் மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்துக்குப் போய்ப் பாருங்கள். அர்ச்சுனன் தபசு என்றும், பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறை ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுது முழுவதும் அதன் எதிரே உட்கார்ந்து, உருவங்களை வரையாமல், ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பதை மட்டும் அம்புக்குறிகளாகத் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பறந்து வரும் தேவர்கள், கின்னரர்கள், வேடர்கள், சிங்கங்கள், வலப்பக்கத்தில் குட்டிகளோடு நிற்கும் யானைகள். தாள் நிரம்பியபோது பெரும்பாலான அம்புகள் நடுவை நோக்கியிருந்தன. நடுவில் இருப்பதோ பாறையின் இயற்கையான பிளவு. நாகங்கள் அதில் மேலேறுகின்றன. மேலே தொட்டி இருந்ததற்கான தடயங்களைக் கொண்டு, ஒரு காலத்தில் அந்தப் பிளவின் வழியே நீர் வழிய விட்டிருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தச் சிற்பிகள் நடுவை வெறுமையாக விட்டு, உலகத்தையே அந்த வெறுமைக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள். காத்திருப்பை எப்படிக் காட்டுவது என்று என்னிடம் கேட்டால், இந்தப் பாறையைவிட நல்ல பாடத்தை என்னால் காட்ட முடியாது.

மூலைவிட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. படுத்திருக்கும் கோடு ஓய்வு, நிமிர்ந்த கோடு உறுதி, சாய்ந்த கோடு விழப்போவது அல்லது ஓடப்போவது என்று நம் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் சாய்கோடு இயக்கத்தைக் காட்டுகிறது. பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'பனியில் வேடர்கள்' ஓவியத்தில், இடப்பக்கத்து மரங்களின் வரிசையும் களைத்துப்போன வேடர்களும் நாய்களும் நம்மைச் சரிவின் வழியே கீழே உறைந்த குளங்களுக்குக் கூட்டிப்போகிறார்கள். அவ்வளவு பேர் போய்க் கிடைத்தது ஒரே ஒரு நரி. அது ஒருவருடைய தோளில் தொங்குகிறது. கீழே குளத்தில் மக்கள் எறும்பளவில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். சாய்கோடு அங்கே களைப்பிலிருந்து ஊரின் மகிழ்ச்சிக்கு இறங்கும் பாதையாகிறது. உங்கள் சாலையை வரையும்போது அது நினைவிருக்கட்டும். தமிழை இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் படத்தையும் அப்படியே பார்க்க முனைகிறது என்பது என் அனுபவம். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒன்று எதிர்கொள்ள வருவதாகத் தோன்றும். பத்திரிகையில் படம் இரு பக்கங்களுக்கு விரிந்தால் பையனின் முகம் நடு மடிப்பில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டங்கள் போடுங்கள். முகம், சட்டை, பெஞ்சின் கால் எதுவும் வேண்டாம். கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்று நிறத் திட்டுகள் மட்டும் போதும். முதல் கட்டத்தில் நீங்கள் வரைந்ததையே போடுங்கள், ஒப்பிட உதவும். இரண்டாவதில் பையனை இடக்கோடிக்குத் தள்ளி, விளக்கு வெளிச்சத்தை அவன்மேல் மட்டும் விட்டு, மீதி முழுவதும் வெற்றுச் சாலையாக இருக்கட்டும். மூன்றாவதில் அவன் முதுகை நமக்குக் காட்டட்டும். நான்காவதில் அடிவானத்தை மிக உயரே வைத்து, சாலையைச் சாய்கோடாக்கி, அதன் முடிவில் ஒரு வெளிச்சப் புள்ளி வையுங்கள். ஐந்தாவதில் அந்தப் புள்ளியையும் எடுத்துவிடுங்கள். ஆறாவதை, வந்துகொண்டிருக்கும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் அப்பாவின் கண்ணிலிருந்து வரையுங்கள்: முன்கண்ணாடியின் கறுப்புச் சட்டம், அதற்கு அப்பால் இருட்டு, தொலைவில் விளக்கின் கீழே கடுகளவில் ஒரு பையன். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவனை நடுவிலேயே வைக்கலாம். அப்பாவின் கண் வேறெங்கும் போகாது.

அன்புடன்.