நிலவு மண்ணிலிருந்து மூச்சுக்காற்று: கேள்விகளும் பதில்களும்

உலோகவியல் என் துறை. நிலவு மண்ணின் கலவையில் தயாரிக்கப்படும் போலி மண்ணை உலையில் உருக்கி அதிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலவில்தான் காற்றே கிடையாதே சார், ஆக்ஸிஜன் எங்கிருந்து வரும்?

பாறையிலிருந்து. பூமியிலும் நாம் மிதிக்கும் மண்ணின் எடையில் ஏறக்குறைய பாதி ஆக்ஸிஜன்தான். சிலிக்கான், அலுமினியம், கால்சியம், இரும்பு எல்லாம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸைடுகளாக இருக்கின்றன. அதனால்தான் அது நம் மூக்குக்கு எட்டுவதில்லை. அப்போலோ பயணங்களில் வந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் ஆராய்ந்தபோது, நிலவு மண்ணின் எடையில் 40 முதல் 45 சதவீதம் ஆக்ஸிஜன் என்று தெரிந்தது. 2023-இல் சந்திரயான்-3 இன் பிரக்யான் ஊர்தி தென்துருவப் பக்கம் தரையை லேசரால் சுட்டுப் பார்த்தபோதும் ஆக்ஸிஜன் அகப்பட்டது.

ஒரு ஆளுக்கு எவ்வளவு மண் தேவைப்படும்?

ஒருவர் ஒரு நாளைக்குச் சுவாசித்துத் தீர்க்கும் ஆக்ஸிஜன் சுமார் 840 கிராம். ஒரு கனமீட்டர் நிலவு மண் ஏறத்தாழ 1,500 கிலோ இருக்கும், அதற்குள் 630 கிலோ ஆக்ஸிஜன். முழுவதையும் பிரித்துவிட்டால் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குப் போதும். ஆனால் ‘முழுவதையும்’ பிரிக்க எல்லா முறைகளாலும் முடியாது. ஹைட்ரஜன் முறையில் மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம்தான் தேறும். அப்படிப் பார்த்தால் அதே மண் சில வாரங்களுக்கோ இரண்டு மூன்று மாதத்துக்கோதான் வரும்.

அது என்ன முறை? வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

நிலவின் கருமையான சமவெளிகளில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. இரும்பு, டைட்டானியம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தது. அதை 900, 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஹைட்ரஜனைச் செலுத்தினால், இரும்போடு இருந்த ஆக்ஸிஜனை ஹைட்ரஜன் பிடுங்கிக்கொண்டு நீராவியாக வெளியே வரும். அந்த நீரை மின்பகுப்பு செய்தால், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால், ஆக்ஸிஜன் தனியாகக் கிடைக்கும், ஹைட்ரஜனைத் திரும்ப உலைக்கே அனுப்பலாம். எளிமையான முறை, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் எல்லோரும் தளம் அமைக்க நினைக்கும் தென்துருவம் மேட்டுநிலம். அங்கே இல்மனைட் மிகக் குறைவு.

அடுத்தது மீத்தேன் வழி. மண்ணை 1,600 டிகிரிக்கு மேல் உருக்கி மீத்தேனைக் காட்டினால், அதிலுள்ள கார்பன் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வரும். அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் நீர், நீரிலிருந்து ஆக்ஸிஜன். 2023-இல் நாசாவின் ஜான்சன் மையத்தில் வெற்றிட அறைக்குள் போலி மண்ணை வைத்து, சூரிய ஒளிக்குப் பதில் லேசரால் உருக்கி, கார்பன் மோனாக்சைடு வருவதைக் காட்டினார்கள்.

மூன்றாவது உருகிய உப்பு. கால்சியம் குளோரைடை 950 டிகிரியில் உருக்கி, அதில் மண்ணை உலோகக் கூடையில் வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மண் உருகுவதில்லை, திடமாக இருக்கும்போதே ஆக்ஸிஜன் கழன்று உப்பு வழியாக நேர்மின்முனைக்குப் போகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு இந்த வழியில் 50 மணி நேரத்தில் 96 சதவீத ஆக்ஸிஜனை வெளியேற்றிக் காட்டியது. கூடையில் மிஞ்சுவது உலோகக் கலவை. இதன் பின்னர்தான் நெதர்லாந்தில் உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வகத்தில் 2020-இல் ஒரு சிறு ஆலையே தொடங்கினார்கள்.

உப்பே இல்லாமல் மண்ணை உருக்கி நேரடியாக மின்பகுப்பதும் உண்டு. அந்தக் குழம்பு எந்தப் பாத்திரத்தையும் அரித்துவிடும். அதனால் நடுவில் மட்டும் உருகவிட்டு, ஓரத்து மண்ணை உறைந்த நிலையில் வைத்து அதையே பாத்திரமாக்குகிறார்கள். இந்த யோசனையை முதலில் கேட்டபோது நான் அசந்துபோனேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் நிலவில் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை?

இதைக் கேட்டவருக்கு நன்றி. ஆக்ஸிஜனைக் கழற்றுவது இப்போது பெரிய பிரச்சினையே இல்லை. மண்ணை உலைக்குள் போட்டு, கதவை மூடி, வேலை முடிந்ததும் வெளியே எடுப்பதுதான் பிரச்சினை.

போலி மண்ணை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். ஆற்று மணல் உருண்டையாக வழவழவென்று இருக்கும். இது உடைந்த கண்ணாடித்தூள் மாதிரி, ஒவ்வொரு துகளுக்கும் கொக்கியும் முனையும். நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை, கூர்முனையைத் தேய்க்க எதுவும் கிடையாது. நுண்விண்கற்கள் மோதி மோதி உருகிய கண்ணாடித் துணுக்குகள் வேறு. எங்கள் உலையின் மூடியில் விரலில் ஒட்டும் அளவு தூள் படிந்திருந்ததை ஒருமுறை கவனிக்காமல் விட்டுவிட்டோம். கசிவைத் தடுக்கும் வளையத்தில் முடி அளவு கீறல் விழுந்தது. அன்றைய ஹைட்ரஜன் முழுவதும் அதன் வழியே போய்விட்டது. இங்கே வளையத்தை மாற்றிவிட்டு மறுநாள் தொடங்கினோம். நிலவில் ஹைட்ரஜன் பூமியிலிருந்து போன சரக்கு, கதவோ தினமும் பல முறை திறந்து மூட வேண்டியது. என்னைக் கேட்டால், ஆயிரம் முறை திறந்து மூடியும் கசியாத ஒரு கதவைச் செய்பவர்தான் இந்தத் துறையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவார்.

மின்சாரத்துக்கு என்ன செய்வார்கள்? இரவு இரண்டு வாரம் என்கிறார்களே.

2025-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, இல்மனைட் வழியில் ஒரு கிலோ திரவ ஆக்ஸிஜனுக்குச் சுமார் 24 யூனிட் ஆகும். நான்கு பேர் மூச்சுவிட மட்டும் தினமும் 80 யூனிட். துருவத்தில் சில மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் விழுகிறது, அதனால்தான் அந்த இடத்துக்கு இவ்வளவு போட்டி. இரவில் உலையை அணைத்துவிடலாம் என்றால், உள்ளே இருக்கும் உருகிய உப்பு உறைந்துவிடும். திரும்ப உருக்குவது கருவிக்கு நல்லதில்லை. என் கருத்து, சிறிய அணு உலை இல்லாமல் இது பெரிய அளவில் நடக்காது.

துருவத்தில் ஐஸ் இருக்கிறதே, பேசாமல் அதையே எடுத்தால் என்ன?

எடுக்கலாம். 2009-இல் நாசாவின் எல்கிராஸ் கலம் கேபியஸ் பள்ளத்தில் ராக்கெட் பாகத்தை மோதவிட்டபோது கிளம்பிய தூசியில் சுமார் 5.6 சதவீதம் நீர் இருந்தது. ஆனால் அது வெயிலே படாத பள்ளம். மண் எங்கு இறங்கினாலும் காலடியில் கிடைக்கும். இரண்டையும் வளர்க்க வேண்டும் என்பேன்.

வந்த வாயுவை அப்படியே சுவாசிக்கலாமா? என் மகளுக்கு ஆஸ்துமா, அதனால் கேட்கிறேன்.

கூடாது அம்மா. நிலவு மண்ணில் கந்தகம் உண்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். உப்பு வழியில் குளோரின் கலக்கலாம். எல்லாவற்றையும் வடிகட்டிய பிறகுதான் உள்ளே விட வேண்டும். தூசியும் அப்படித்தான். அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் ஒவ்வாமை வந்த மாதிரி மூக்கடைத்தது.

இன்னொன்றும் உண்டு. சுத்தமான ஆக்ஸிஜனை முழு அழுத்தத்தில் நிரப்பினால் சின்னப் பொறியே போதும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்தில் பயிற்சியின்போது மூன்று வீரர்கள் இறந்தது அப்படித்தான். ஆகவே நைட்ரஜனும் வேண்டும், அது நிலவில் மிக அரிது.

செவ்வாயில் ஏற்கெனவே செய்துவிட்டார்களாமே?

ஆமாம், ஆனால் மண்ணிலிருந்து இல்லை. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி 2021 முதல் 2023 வரை அங்குள்ள கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து மொத்தம் 122 கிராம் எடுத்தது. காற்றைக் குழாயில் இழுத்தால் போதும், கதவுத் தொல்லை கிடையாது.

நான் எட்டாம் வகுப்பு அண்ணா. வீட்டில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

மண்ணை உருக்க வேண்டாம் தம்பி, நீர் மின்பகுப்பைச் செய்து பார். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரு டம்ளர் நீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்துக்கொள். உப்புப் போடாதே, குளோரின் வரும். இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்களை ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியோடு இணைத்து நீரில் விடு. ஒரு பக்கம் நிறைய குமிழி வரும், அது ஹைட்ரஜன். குறைவாக வரும் பக்கத்தில் ஆக்ஸிஜன்.

அப்புறம் ஒரு குமிழியை மட்டும் பார்த்துக்கொண்டே இரு. முதலில் பென்சில் முனையிலேயே ஒட்டிக்கொண்டு பெருக்கும், பிறகுதான் விட்டு மேலே போகும். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, குமிழி இன்னும் நேரம் ஒட்டியிருந்து மின்முனையை மறைக்கும். அதனால் ஆக்ஸிஜன் உற்பத்தி சுமார் 11 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குமிழியைச் சீக்கிரம் கழற்றிவிட உனக்கு ஏதாவது வழி தோன்றினால் எனக்கு எழுது.