மஞ்சள் ஜெர்சியை ஒருநாள்கூடப் போடாதவரை பிரான்ஸ் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறது?

கேள்வி ரேமோன் புலிடோரைப் பற்றியது. மூன்று வாரம் நாள்தோறும் ஓர் ஓட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 14 முறை ஓட்டியவர், 8 முறை முதல் மூன்று இடங்களுக்குள் முடித்தவர். ஆனால் மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி ஒரு நாள்கூட அவர் உடம்பில் ஏறவில்லை. தோற்றவர் மேல் வரும் இரக்கம்தானா இது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2021 டூரின் இரண்டாம் நாளை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வென்ற மத்தியூ வான் டெர் பூல் கோட்டைத் தாண்டும்போது வானத்தைக் கைகாட்டினார், பேட்டியில் பேச முடியாமல் அழுதார். ஒரு நாள் ஜெயித்ததற்கா இவ்வளவு அழுகை என்று தேடப்போனபோதுதான் புலிடோர் அவருடைய தாத்தா என்று தெரிந்தது. அப்புறம் பழைய படங்கள், பழைய முடிவுப் பட்டியல்கள் என்று பல இரவுகள் போயின.

முதலில் ஒரு திருத்தம். பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு வைத்த 'நிரந்தர இரண்டாமவர்' என்ற பட்டம் கணக்குப்படி தப்பு. டூரில் அவர் இரண்டாவது வந்தது 3 முறை, மூன்றாவது வந்தது 5 முறை. ஜெயிக்கத் தெரியாதவரும் இல்லை. 1961இல் மிலான்–சான் ரெமோ, 1964இல் ஸ்பெயின் சுற்று, 1972, 73 இரண்டு வருடமும் பாரிஸ்–நீஸ் என்று பெரிய பந்தயங்கள் எல்லாம் அவர் வென்றவை. அந்த இரண்டு பாரிஸ்–நீஸிலும் அவருக்குப் பின்னால் வந்தவர்களில், டூரை 5 முறை வென்ற பெல்ஜியக்காரர் எடி மெர்க்ஸ் ஒருவர், அதுவும் மெர்க்ஸ் உச்சத்தில் இருந்தபோது.

1936இல் க்ரூஸ் பகுதியில் ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவச் சேவை முடித்து 1960இல்தான் தொழில்முறை வீரரானார். 1977இல் விடைபெறும்வரை 18 ஆண்டுகளும் ஒரே அணி, மெர்சியே. இன்றைய வீரர்கள் அணி மாறும் வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயம்.

எல்லாரும் பேசுவது 1964 டூரைத்தான். எதிரே இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆங்க்தில், அதற்குள் டூரை 4 முறை வென்றிருந்தவர். அந்த வருடத்துப் படம் என்றால் பூய் தெ தோம் என்ற எரிமலைக் குன்றின் ஏற்றத்தில் இருவரும் தோளோடு தோள் உரசியபடி ஏறும் படம்தான் நினைவுக்கு வரும். ஆங்க்தில் களைத்துப் போயிருந்தார். ஆனால் பின்னால் ஒதுங்கினால் அது தெரிந்துவிடும் என்று பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். புலிடோர் அந்த நடிப்பை நம்பினார். கடைசி ஒரு கிலோமீட்டருக்குள்தான் அவரை விட்டுவிட்டு முன்னே போனார். மொத்த நேரத்தில் இருவருக்கும் 56 நொடி இருந்த இடைவெளி 14 ஆகச் சுருங்கியது, அவ்வளவே. ஆங்க்தில் மஞ்சளைக் காப்பாற்றிக்கொண்டார். பாரிஸில் முடிந்த கடைசி நாள் டைம் டிரயலையும், அதாவது ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி நேரம் பார்க்கும் ஓட்டத்தையும், அவரே வென்றார். மொத்த வித்தியாசம் 55 நொடி.

என்னைக் கேட்டால் புலிடோர் அந்த டூரைத் தோற்றது குன்றில் இல்லை, மோனாக்கோவில். ஒன்பதாம் நாள் ஓட்டம் அங்கே ஓர் அரங்கத்துக்குள் முடிந்தது. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது, முடிந்துவிட்டது என்று நினைத்து முழு வேகத்தில் பாய்ந்து தீர்த்துவிட்டார். அடுத்த சுற்றில் அந்த நாளை வென்றது ஆங்க்தில். முதலிடத்துக்கு அன்று ஒரு நிமிட போனஸ், அதை மொத்த நேரத்திலிருந்து கழிப்பார்கள். தோற்றது 55 நொடியில் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அன்டோராவிலிருந்து கிளம்பிய நாள். முந்தின நாள் ஓய்வில் விருந்து சாப்பிட்ட ஆங்க்தில் ஏற்றத்தில் திணறி நான்கு நிமிடம் போலப் பின்தங்கி, பனிமூட்டத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்கி வந்து ஒட்டிக்கொண்டார். அதே நாள் டுலூஸ் நெருங்கும்போது புலிடோரின் சக்கரக் கம்பி கெட்டது. சைக்கிளை மாற்றினார், மெக்கானிக் அவசரத்தில் தள்ளிவிட்டதில் கீழே விழுந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் போச்சு. மறுநாள் லூஷோனில் வென்று பெரும்பகுதியை மீட்டார் என்பது வேறு கதை. இதில் பாதி துரதிர்ஷ்டம், பாதி கவனக்குறைவு. சுற்றை எண்ணாததற்கு விதியைக் குறை சொல்ல முடியுமா? அவரை எவ்வளவு பிடித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த வருடங்களிலும் இதே கதை. 1967இல் தன் வாய்ப்பு போனதும் சக வீரர் ரோஜே பேன்ழோனுக்காக உழைத்து அவரை ஜெயிக்க வைத்தார். 1968இல் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்து வெளியேறினார். 1973இல் முதல் நாள் மஞ்சளை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நெதர்லாந்து வீரர் யோப் சூட்டமெல்க்கிடம் விட்டார், அதே டூரில் இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து வெளியேறினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், 1974இல் 38 வயதில் இரண்டாம் இடம். 1976இல் 40 வயதில் மூன்றாம் இடம்!

ஜெயிக்க ஜெயிக்க ஆங்க்திலைப் பார்த்து மக்கள் மதித்தார்கள், ஆனால் 'பூபூ, பூபூ' என்று செல்லப்பெயர் சொல்லிக் கத்தியது புலிடோருக்குத்தான். ஆங்க்திலுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. புலிடோர் ஒன்றும் அப்பாவி இல்லை, கெட்டிக்காரர். தான் தோற்கத் தோற்க மக்களின் பிரியம் கூடுகிறது, டூர் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கும் காட்சிப் பந்தயங்களில் வருமானமும் கூடுகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். ஆகவே 'பாவம் புலிடோர்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் டூரை விட்டுப் போகவே இல்லை. இது எனக்கு அவருடைய பந்தய வாழ்க்கையைவிடப் பிடித்த பகுதி. சேன் லெயோனார் தெ நோப்லா என்ற சிறிய ஊரில் வீடு, ஜூலை வந்தால் டூரோடு பயணம். மஞ்சள் ஜெர்சிக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் விளம்பர முகமாக 2001 முதல் இருந்தார். அந்த வேலைக்கு உடுப்பு மஞ்சள் நிறச் சட்டை. பந்தயத்தில் கிடைக்காத நிறத்தை எழுபது, எண்பது வயதில் வருடாவருடம் மூன்று வாரம் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆங்க்திலும் அவரும் பிற்காலத்தில் நண்பர்களாகிவிட்டார்கள். 1987இல் புற்றுநோயில் இறப்பதற்கு முன், இதிலும் நீ எனக்கு அடுத்துத்தான் வரப்போகிறாய் என்று ஆங்க்தில் கேலி செய்ததாகப் புலிடோரே சொல்லியிருக்கிறார்.

2019 ஜூலையிலும் டூருக்குப் போனார். அந்த நவம்பர் 13ஆம் தேதி, 83 வயதில், சேன் லெயோனாரிலேயே இறந்தார். பேரன் மத்தியூ டூரில் ஓட்டியதைப் பார்க்கவில்லை.

அந்தப் பேரன் 2021இல் மஞ்சளை எப்படி எடுத்தார் என்பதையும் கவனியுங்கள். மூர் தெ பிரத்தாஞ் ஏற்றத்தை அன்று இரண்டு முறை ஏற வேண்டும். முதல் முறையே வீணாகச் சக்தியைச் செலவழிப்பதுபோலத் தாக்கினார், அங்கே இருந்த 8 நொடி போனஸை எடுத்தார். பிறகு கடைசி ஏற்றத்திலும் வென்றார். மாலையில், அதுவரை மஞ்சளில் இருந்த ஜூலியன் அலாஃபிலிப்பைவிட அவர் முன்னால் இருந்தது சரியாக 8 நொடி. தாத்தா மோனாக்கோவில் விட்ட வகையைச் சேர்ந்த நொடிகள்தான் அவை. மஞ்சள் 6 நாள் அவரிடம் இருந்தது.

2023இல் டூர், 35 வருடம் கழித்து, பூய் தெ தோமுக்குத் திரும்பியது. புலிடோரை நினைத்து, அன்றைய ஓட்டத்தை சேன் லெயோனாரிலிருந்து கிளப்பினார்கள். 1964இல் பெருங்கூட்டம் நின்று கத்திய குன்றின் கடைசி நான்கு கிலோமீட்டரில் இந்த முறை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, பாதை அவ்வளவு குறுகல். அந்த நிசப்தத்தில் ஒவ்வொருவராக முன்னால் போனவர்களை எட்டிப்பிடித்து ஜெயித்தவர் மைக்கேல் வுட்ஸ் என்ற கனடாக்காரர், வயது 36.