மகளுக்குப் பாட்டு, பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ்: ஸ்காபரோ அக்காவுக்கு என் பதில்

அக்கா, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஏழு வயதில் உங்களோடு கனடா வந்தவள், எட்டு வருடம் மிருதங்கம் படித்து அரங்கேற்றமும் செய்தவள், இப்போது பேஸ்மென்டில் கிட்டாரும் லேப்டாப்புமாக இருந்துகொண்டு தமிழும் ஆங்கிலமும் கலந்து, சினிமாப் பாட்டும் இல்லாத சங்கீதமும் இல்லாத ஏதோ ஒன்றைச் செய்கிறாள், அதற்கு என்ன பெயர் என்று சொந்தக்காரருக்குச் சொல்லவே தெரியவில்லை என்கிறீர்கள். ஆல்டர்நேட்டிவ் என்று சொல்லுங்கள், போதும். பெரியப்பா வோட்டர்லூ கம்பஸ் (பல்கலைக்கழகம்), கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று முடிவே கட்டிவிட்டார். "டிகிரியை முடிக்கட்டும், அப்புறம் பாடட்டும்" என்று நானும் சொல்லிவிட்டால் உங்கள் மனம் ஆறும் என்று தெரிகிறது.

பிள்ளை கெட்டுப்போகவில்லை, அதை மட்டும் நம்புங்கள். மற்றபடி நீங்கள் கேட்க விரும்பும் பதில் என்னிடம் இல்லை.

வோட்டர்லூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ், விருப்பமுள்ள பிள்ளைக்கு அருமையான படிப்பு. உங்கள் மகளுக்கு விருப்பமில்லை. கல்குலஸ் புள்ளி அறுபதுக்கு மேல் ஏறவில்லை, டியூஷன் வைத்தும் ஏறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் புள்ளியோடு அங்கே இடம் கிடைப்பதே நடக்காத காரியம், இது பெரியப்பாவுக்குத் தெரியுமா? அது கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது கம்பஸில் அதே படிப்பு என்பார். நான்கைந்து வருடம், கடன், நடுவில் படிப்போடு சேர்ந்த கோ-ஒப் வேலைக்கு நான்கு மாதத்துக்கு ஓர் ஊர். படிப்பு முடிந்ததும் கடனைக் கட்ட முழுநேர வேலை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரைதான் ஒரு பாண்ட் சேரும் வயது. கூட வாசிக்கப் பிள்ளைகள் கிடைப்பது, யாருமே வராத செவ்வாய்க்கிழமை இரவில் சின்ன மேடையில் பாடிப் பழகுவது, மோசமான முதல் இருபது பாட்டை எழுதித் தீர்ப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். "அப்புறம்" என்று பெரியவர்கள் சொல்லும் அந்த நேரத்தில் பிள்ளையின் கையில் ஓய்ந்த வார இறுதி மட்டும்தான் மிஞ்சும்.

சரி, அப்படியென்றால் பாட்டுப் பாடியே பிழைக்கலாமா என்றால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். மகளையும் பக்கத்தில் இருத்தி இதை வாசிக்கச் சொல்லுங்கள். 2024இலிருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் அந்தப் பதிவுக்கு ஒரு சதம்கூட வராது. ஆயிரத்தைத் தாண்டினாலும் வருவது தேநீர்க் காசு. இந்த மாதிரி இசைக்காரர் யாரும் ஒரே இடத்திலிருந்து வாழ்வதில்லை. கொஞ்சம் மேடை, கொஞ்சம் உரிமத்தொகை, கொஞ்சம் மானியம், மீதி ஒரு கைத்தொழில். அந்தக் கைத்தொழில் எது என்பதுதான் உங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். உணவகத்தில் கோப்பை கழுவுவதா, பிடிக்காத அலுவலகமா, அல்லது இசைக்குள்ளேயே இருக்கும் ஒரு வேலையா?

உங்கள் பதிவில் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டேன். "விடிய ரெண்டு மணிவரை ஒரே ட்ரம் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள், எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை" என்று குறையாகச் சொன்னீர்கள். அவளுக்கு அந்த வித்தியாசம் கேட்கிறது அக்கா. அதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு தொழில் இருக்கிறது. ஒலிப்பொறியாளர், நம் ஆட்கள் சொல்வதுபோல "சவுண்ட் பார்க்கிறவர்". மண்டபத்தில் பின்னால் நிற்கிற அந்த மனிதரை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மைக் கூவினால் மட்டும் முறைப்போம்.

ஒரு நிகழ்ச்சியில் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். மத்தியானமே வந்து மேடையில் எந்த வாத்தியம் எங்கே என்று வரைபடம் பார்த்து, ஒவ்வொரு மைக்கின் வயரையும் மேடை ஓரத்துப் பெட்டியில் எண் பார்த்துச் செருகி, முப்பத்திரண்டு சனல் உள்ள டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு, எந்த அலைவரிசையில் ஸ்பீக்கர் கூவுகிறது என்று தேடி அதை மட்டும் குறைத்து, கம்பியில்லா மைக்குகள் ஒன்றோடொன்று மோதாமல் அலைவரிசை பிரித்து வைத்து, பாடகருக்குத் தன் குரல் கேட்கும்படி மேடை மொனிட்டரில் தனிக் கலவை, சபைக்கு வேறு கலவை. இவ்வளவும் ஆள் வருவதற்கு முன்னால். நிகழ்ச்சி தொடங்கினால் கை பொத்தானை விட்டு நகராது.

இந்த வேலையில் உங்கள் மகளிடம் இருப்பது மற்றவர்களிடம் இல்லை. ரொறன்ரோவில் எத்தனை அரங்கேற்றம் பார்த்திருப்பீர்கள், மிருதங்கத்துக்கு நேரே ஒரேயொரு மைக்கை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வலப்பக்கத்து வலந்தலை காதைக் குத்தும், இடப்பக்கத்துத் தொப்பியின் கும்காரம் கேட்கவே கேட்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வேண்டும், இரண்டையும் வேறு வேறாகத் திருத்த வேண்டும் என்பது எட்டு வருடம் அதை வாசித்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தம்புரா, வீணை, நாதஸ்வரம் எல்லாம் அப்படித்தான். ராக் பாண்டும் நன்றாக மிக்ஸ் செய்யத் தெரிந்து, கச்சேரியும் தெரிந்த ஆள் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், உடை, சாப்பாடு என்று நீங்கள் போட்ட காசு வீணாகவில்லை, இங்கேதான் அதற்குப் பலன் இருக்கிறது.

மேடை மட்டும் இல்லை. நாடக அரங்குகள், பெரிய தேவாலயங்கள், ஹோட்டல் மாநாடுகள், தொலைக்காட்சி, திரைப்படம். ரொறன்ரோவில் படப்பிடிப்பு நடக்கும் அளவுக்குப் படத்துக்குப் பிந்திய ஒலி வேலையும் நடக்கிறது: வசனத்தைச் சுத்தம் செய்வது, நடிகரை ஸ்டூடியோவில் மறுபடி பேசவைத்துப் பதிவது, காலடி, துணி உரசல், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் தனியாகச் செய்து பதியும் ஃபோலி என்ற வேலை. மேடைத் தொழிலாளருக்கு ரொறன்ரோவில் தொழிற்சங்கம் இருக்கிறது, ஐயாட்சி 58ஆம் கிளை என்பார்கள். உள்ளே போக வருடங்கள் எடுக்கும், போனால் ஓய்வூதியம்வரை உண்டு.

நான் பார்க்கச் சொல்லும் படிப்பு, ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ஃபான்ஷா கொலிஜில் இருக்கும் மியூசிக் இண்டஸ்ட்ரி ஆர்ட்ஸ். இரண்டு வருட டிப்ளோமா. ஸ்டூடியோப் பதிவு, மிக்ஸிங், பாட்டின் உரிமை, இசை வியாபாரம் எல்லாம் ஒரே படிப்பில்.  கம்பஸ் இல்லை, கொலிஜ் என்றதும் பெரியப்பா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நியூயார்க்கில் வாழும் பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அஃப்தாப், இசைத் தயாரிப்பும் ஒலிப்பொறியியலும் படித்து, படத்தொகுப்பு வேலை செய்துகொண்டே தன் பாட்டைச் செய்து வந்தவர், 2022இல் கிராமி வாங்கினார். எல்லாருக்கும் கிராமி வரும் என்று இதைச் சொல்லவில்லை. அந்த வேலைதான் அவர் தன் பாட்டை அவசரப்படாமல் செய்யும் காலத்தைக் கொடுத்தது. கொலம்பியாவிலிருந்து வந்த லிடோ பிமியெண்டா, முழுக்க ஸ்பானிய மொழிப் பாட்டுகள் கொண்ட ஆல்பத்துக்கு 2017இல் கனடாவின் பொலாரிஸ் இசைப் பரிசை வாங்கினார், அப்போது அது 50,000 டொலர். மகள் தமிழில் பாடினால் இந்த நாட்டில் யார் கேட்பார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

படிப்பு தொடங்கும்வரை காத்திராமல் அவள் இப்போதே செய்ய வேண்டியதும் உண்டு. சொந்தமாக எழுதிய பாட்டு எங்காவது பகிரங்கமாக ஒலித்தால் அதற்கான தொகையைச் சேர்த்துக் கொடுப்பது சோகன் என்ற அமைப்பு. பாட்டெழுதுகிறவர் சேரக் காசு கேட்பதில்லை. சின்ன மேடையில் பாடினாலும் எந்தெந்தப் பாட்டு என்ற பட்டியலை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், பலர் சோம்பலில் இதை விட்டுவிடுகிறார்கள். பதிவில் பாடியவர், வாசித்தவர்களுக்கான வானொலித் தொகை வேறு, அது ரீசவுண்ட் என்ற அமைப்பு வழியாக வருவது. பாண்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற பங்கைப் பாட்டு முடிந்த அன்றே எழுதி எல்லாரும் ஒப்பமிடட்டும். நட்பு முறிவது பெரும்பாலும் இதில்தான். மானியத்துக்கு ஃபேக்டர் என்ற இசை நிதியம், கனடா கலைகள் கவுன்சில் இரண்டும் இருக்கின்றன, குடியுரிமை வேண்டும் என்றில்லை, நிரந்தர வதிவிடம் இருந்தாலே கேட்கலாம்.

குடியுரிமை என்றதும் ஞாபகம் வந்தது. நீங்கள் இன்னும் பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட அட்டையோடுதான் இருக்கிறீர்களாமே, ஏன்? ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்தால் போதும். மகளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் உங்களோடு சேர்த்து விண்ணப்பித்தால் அவளுக்கு 100 டொலர்தான் கட்டணம், பரீட்சையும் இல்லை. அமெரிக்காவில் காசு வாங்கிப் பாடப் போகிற கனேடியக் குடிமக்கள், அமெரிக்க அரசின் அனுமதிக் கடிதம் கிடைத்ததும் அதை எல்லையில் காட்டிவிட்டுப் போவார்கள். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் தூதரகத்தில் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும், பாண்ட் அவளை விட்டுவிட்டுப் போகும். புலம்பெயர்ந்த இசைக்காரருக்கு வரும் தடைகளில் பாதி இப்படிக் காகிதத் தடைகள்தான்.

காசு விஷயத்தில் நான் இளகமாட்டேன். வீட்டை மறு அடமானம் வைத்து மியூசிக் வீடியோ எடுக்கக் கூடாது. ஒரு வருடத்தில் இசையமைப்பாளர் ஆக்குகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் தனியார் கல்லூரி எதிலும், கட்டணம் முழுவதையும் எழுத்தில் வாங்கி என்னிடம் காட்டாமல் முற்பணம் கட்டாதீர்கள். காசு கொடுத்தால் கேட்பவர் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறோம் என்பவர்களை அண்டவே வேண்டாம், போலிக் கணக்கு என்று தெரிந்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள். ஒன்றுக்கு மட்டும் தயங்காமல் செலவழியுங்கள்: காதுக்கு அளவெடுத்துச் செய்யும் இசைக்காரர் அடைப்பான். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபல் என்றால் வெறும் பதினைந்து நிமிடம். ஒத்திகை அறையில் அந்தச் சத்தம் சாதாரணம். அவளுக்குச் சோறு போடப்போவது அந்தக் காதுதான்.

பிள்ளையின் மேற்படிப்புக்கென்று போடும் ஆர்.ஈ.எஸ்.பி. சேமிப்பு கம்பஸுக்கு மட்டும்தான் என்று சித்தப்பா சொன்னது தவறு. கொலிஜ் டிப்ளோமாவுக்கும் அதைத் தாராளமாக எடுக்கலாம், அரசாங்கம் போட்ட பங்கும் சேர்ந்தே வரும். முழுநேரப் படிப்பில் முதல் பதின்மூன்று வாரத்துக்குள் அந்தப் பங்கிலிருந்தும் சேமிப்பு வளர்ந்த தொகையிலிருந்தும் 8,000 டொலர்வரை எடுக்கலாம், நீங்கள் போட்ட முதலுக்கு அந்த எல்லை இல்லை. லண்டனில் அறை வாடகைதான் உங்களுக்குப் பெரிய செலவாக இருக்கும், அதைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கை மகனும் இதையே படிக்க வரலாமா என்று கடைசிப் பதிவில் கேட்டீர்கள். வேண்டாம், இப்போது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல மடங்கு. அதைவிட, 2024 நவம்பர் 1இலிருந்து படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கொலிஜ் மாணவருக்கு, குறிப்பிட்ட சில துறைகளில் படித்தால்தான் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி, இசை அதில் இல்லை. கலைஞர்கள் சுயதொழில் பிரிவில் குடியேறும் வழியையும் 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து மூடி வைத்திருக்கிறார்கள். நிலத்தை விற்று அனுப்பினால் இரண்டு வருடத்தில் டிப்ளோமாவும் கையுமாகத் திரும்ப வேண்டியிருக்கும். எந்த ஏஜென்ட் வேறுவிதமாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று தங்கைக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.

பெரியப்பாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். கட்டணத்தில் பாதி அவர் கொடுப்பாரா, கல்குலஸ் பரீட்சைக்கு அவர் உட்காருவாரா? இல்லையென்றால் முடிவும் அவருடையதல்ல. மகளிடம் மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள்: இந்த மாதத்துக்குள் மூன்று பாட்டை முழுதாக முடித்து, மற்றவர் கேட்கக்கூடிய நிலையில் தர வேண்டும், கோவில் விழாவிலோ சமூக நிலையத்திலோ சவுண்ட் பார்ப்பவருக்கு வயர் சுருட்டும் உதவியாளாக நான்கைந்து நாள் போக வேண்டும். வயர் சுருட்டியும் ஆசை குறையாவிட்டால் விண்ணப்பியுங்கள். ஒன்ராறியோ கொலிஜ் விண்ணப்பங்களை எல்லாம் சமமாகப் பார்க்கும் கடைசி நாள் பெப்ரவரி 1, ஐந்து தெரிவுக்கு 125 டொலர், ஒரே கொலிஜில் மூன்றுக்கு மேல் போட முடியாது. ஓசாப் என்ற ஒன்ராறியோ மாணவர் நிதி உதவிக்குப் பெற்றோரின் வருமானம் கேட்பார்கள், அதனால் உங்களுடையதும் அத்தானுடையதும் வரிக் கணக்கு நிலுவையில்லாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.