ஒரு சோதனை தவறிவிட்டது, தடை வருமா?

கேள்வி: நான் நீண்ட தூர ட்ரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) தொழில்முறை வீரர். காலை 6 முதல் 7 மணி வரை வீட்டில் இருப்பேன் என்று ஊக்கமருந்து சோதனைக்கான ஆப்பில் பதிவு இருந்தது. நீச்சல் பயிற்சி நேரம் மாறியதை என் மேனேஜர் அதில் திருத்த மறந்துவிட்டார். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. தடை வருமா?

பதில்: ஒன்றுக்கெல்லாம் தடை வராது. 12 மாதத்துக்குள் மூன்று சேர்ந்தால்தான் விதிமீறல். ஆனால் சொன்ன நேரத்தில் இல்லாததும் கணக்கு, இருப்பிடத் தகவலைத் தப்பாகவோ தாமதமாகவோ கொடுத்ததும் கணக்கு. இரண்டும் ஒரே உண்டியலில்தான் விழும். மூன்றானால் 2 ஆண்டுத் தடை, தவறின் அளவைப் பார்த்து 1 ஆண்டு வரை குறைக்கலாம். நீங்கள் எதுவும் சாப்பிட்டீர்களா இல்லையா என்ற பேச்சே அங்கே எழாது.

மேனேஜர் மறந்தார் என்பதைப் பதிலில் எழுதலாம், எடுபடாது. யார் கையில் கொடுத்தாலும் பொறுப்பு வீரருடையது என்று விதியே சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் சிலர் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். பார்ப்பது என்ன தெரியுமா? போன காலாண்டுத் தகவலை அப்படியே நகலெடுத்துப் போடுவது. நீங்கள் மலைமேல் பயிற்சி முகாமில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள், ஆப்பில் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பதிவான தவறை "பேசி எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவர் இன்னும் மோசம். அப்படிப் பேச அங்கே ஆளே கிடையாது. முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அடுத்து, அந்தப் போன். அதிகாரி கூப்பிட்டே ஆகவேண்டும் என்று விதியில் இல்லை. 2019 உலக 100 மீட்டர் சாம்பியன் கிறிஸ்டியன் கோல்மன் கதையைக் கேளுங்கள். மூன்றாவது தவறு நடந்த அன்று அவருடைய நேரம் இரவு 7.15 முதல் 8.15. பக்கத்தில்தான் கடைக்குப் போயிருந்தேன், போன் வந்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்றார். கடை பில்லில் இருந்த நேரம் 8.22. 2 ஆண்டுத் தடை மேல்முறையீட்டில் 18 மாதமானது, டோக்கியோ ஒலிம்பிக் போனது போனதுதான்.

விதிவிலக்கு உண்டு. அதிகாரி நியாயமான முயற்சி எடுக்கவில்லை என்றால் அந்தத் தவறு பதிவாகக் கூடாது. நீங்கள் கொடுத்த விலாசத்துக்கே அவர் வந்திருக்க வேண்டும், உங்கள் ஒரு மணி நேரம் முடியும்வரை அங்கே தேடியிருக்க வேண்டும். பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் செல்லாது. ஒரு வீராங்கனைக்கு இப்படித்தான் நடந்தது. அதிகாரி பின்வாசலில், செத்துப்போன பெல்லை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆகவே நீங்களும் அறிக்கையைக் கேளுங்கள். எந்த வாசல், எத்தனை மணி, எத்தனை முறை தட்டினார் என்று பாருங்கள். ஆனால் நீங்கள் வீட்டிலேயே இல்லை என்பதால் உங்களுக்கு இது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் தவறைத் தெரிவித்து வரும் கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் எழுதிவிடுங்கள், அது உங்கள் உரிமை.

மூன்று துறைப் பயிற்சிக்கும் மூன்று இடத்துக்கு ஓடுகிறவரிடம், ஒரு நாள் விடாமல் ஒரு மணி நேரத்தை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே சொல் என்கிறார்கள். சொல்லிவிட்டாலும் மற்ற நேரத்திலும் வரலாமாம். இதை வகுத்தவர் யாரும் விடியற்காலையில் திறந்தவெளி நீச்சலுக்குக் கிளம்பியவராகத் தெரியவில்லை. சரி, நாம் மாற்றப்போவதில்லை.

காலை 5 மணியிலிருந்தே நேரம் கொடுக்கலாம். 5 முதல் 6 என்று மாற்றுங்கள், நீச்சலுக்குக் கிளம்பும் முன்பே முடிந்துவிடும். பயிற்சி மாறினால் அந்த ஒரு மணி நேரம் தொடங்கும் முன்பு நீங்களே ஆப்பில் திருத்துங்கள். அப்புறம், வாசல் பெல்லை இன்றைக்கே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.