குடையை ஏன் அடிக்க வேண்டும்?

கேள்வி: சீன மொழியில் 'டா' என்றால் 'அடி' என்று படித்தேன். குடை பிடிக்க, டாக்ஸி பிடிக்க, தும்மக்கூட அதே 'டா' வருகிறதே?

பதில்: தமிழர் கேட்கலாமா இதை! மணி அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம். வெயிலும் காய்ச்சலும் நம்மை அடிக்கின்றன. 'டா'வும் அந்த ஜாதிதான். பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் பொருளை முடிவு செய்யும். 'டா ட்ஸ' டைப் அடிப்பது, 'டா ஜென்' ஊசி போடுவது, 'டா லேய்' இடி இடிப்பது. அதனால் தனிச் சொல்லாகப் படிக்காமல் ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ், பேட்மின்டன் எல்லாவற்றுக்கும் 'டா'. கால்பந்துக்கு மட்டும் உதைப்பதைக் குறிக்கும் 'தி'. பியானோ, கிட்டார் வாசிக்க 'தான்'. அங்கே 'டா' போட்டால் வாத்தியத்தை உடைக்கக் கிளம்பியதாகிவிடும்.

கேள்வி: 'அவருக்கு ஃபோன் செய்கிறேன்' என்பது எப்படி?

பதில்: 'வோ கெய் தா டா டியென்ஹுவா'. 'வோ' நான், 'கெய் தா' அவருக்கு, 'டியென்ஹுவா' தொலைபேசி. 'தா'வில் மூச்சுக்காற்று வெளியே வரும், 'டா'வில் வராது. 'கெய்'யையும் 'டியென்ஹுவா'வையும் விட்டுவிட்டு, 'தா'வைக் கடைசியில் வைத்து 'வோ டா தா' என்றால் 'அவரை அடிக்கிறேன்' என்று அர்த்தம்! இரண்டு முறை ஃபோன் செய்தேன் என்றால் எண்ணிக்கை நடுவில் நுழையும்: 'டா ல லியாங் க டியென்ஹுவா'. 'ல' செயல் முடிந்ததைக் காட்டும், 'லியாங் க' இரண்டு.

கேள்வி: கடைப் பலகையில் 'டா 8 ஜ' என்றால் 8 சதவீதத் தள்ளுபடியா?

பதில்: இல்லை, நீங்கள் கொடுக்க வேண்டியது பத்தில் எட்டுப் பங்கு. 100 யுவான் பொருள் 80 யுவான். தள்ளுபடி 20 சதவீதம். '85 ஜ' என்றால் நூற்றில் 85 பங்கு, அதே பொருள் 85 யுவான். எண் சிறிதாகச் சிறிதாக உங்களுக்கு லாபம். '9 ஜ' பார்த்து ஓடாதீர்கள், கிடைப்பது 10 சதவீதம்தான்.

கேள்வி: உச்சரிப்பில் எங்கே சறுக்கும்?

பதில்: தொனியில், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தில். சீனத்தில் அது மாறினால் சொல்லே மாறிவிடும். இந்த 'டா' மூன்றாம் தொனி, குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். அடுத்து வருவதும் மூன்றாம் தொனியானால் 'டா' மேலேறிவிடும். 'டா ஸான்' (குடை பிடி), 'டா ஷுவேய்' (தண்ணீர் பிடி) இரண்டும் அப்படி. தனியாகவே ஏறு தொனியில் சொன்னால் அது வேறு சொல்: ஒரு டஜன். சட்டென்று இறக்கினால் 'பெரிய'.