சித்தப்பாவுக்கு 750 டாலர், பி.ஆர். கணக்கில் பூஜ்யம்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் கணக்கியல் டிப்ளமோ முடித்தேன். பெட்ரோல் பங்க் கடையில் வாரம் 40 மணி நேரம் காசாளர் வேலை, மீதி நேரத்தில் உணவு டெலிவரி என மாதம் சுமார் 4,000 டாலர் வருகிறது. கல்விக் கடன் தவணைக்கு 450 டாலரும், அந்தக் கடனுக்குத் தன் வீட்டை அடமானம் வைத்த சித்தப்பாவுக்கு 750 டாலரும் அனுப்புகிறேன். ஒர்க் பர்மிட் முடிய 20 மாதங்களே உள்ளன; அதற்குள் பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 25,000 டாலர் கொடுத்தால் எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி பெறும் அரசு ஒப்புதல்) உள்ள வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்று மணிக்கு 20 டாலர் சம்பளத்தில் புக்கீப்பர் வேலை தருகிறது. வருமானம் குறையுமே என்று தயங்குகிறேன். ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எல்.எம்.ஐ.ஏ.வுக்காக அரசுக்கு 1,000 டாலர் கட்டணம் செலுத்த வேண்டியவர் முதலாளி. அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பதே சட்டவிரோதம். பி.ஆர்.க்குப் புள்ளி அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை உத்தரவாதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டன. ஆக, பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொட்டிக் கொடுத்தாலும் உங்கள் புள்ளி ஒன்றுகூட ஏறாது. ஆவணம் போலி என்று தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை வரும்.

உங்களை உண்மையில் முடக்கியிருப்பது சித்தப்பாவுக்கு அனுப்பும் அந்த 750 டாலர். அதற்காகத்தான் பி.ஆர்.க்கு உதவாத வேலையை விடத் தயங்குகிறீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, டீர் (தேவைப்படும் கல்வி, பயிற்சியை வைத்து வேலைகளுக்குத் தரப்படும் தர எண்) 0 முதல் 3 வரையிலான வேலையில் ஓர் ஆண்டு, அதாவது 1,560 மணி நேர அனுபவம் தேவை. காசாளர் வேலை அந்த வரம்புக்குள் வராது. டெலிவரி சுயதொழிலாகக் கருதப்படுவதால் அதுவும் சேராது. புக்கீப்பர் வேலையோ டீர் 2.

வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு 20 டாலர் என்றால் வரிக்கு முன் மாதம் சுமார் 3,250 டாலர். இப்போதைய வருமானத்தைவிடக் குறைவது 750. சித்தப்பாவுக்குப் போகும் தொகையும் அதுவே; அதை நிறுத்தினால் ஈடாகிவிடும். ஓர் ஆண்டுக்கு 9,000 டாலர் இழப்பு, ஏஜென்ட் கேட்பதில் பாதிகூட இல்லை. வாரத்துக்கு 30 மணி நேரம்தான் கணக்கில் சேரும் என்பதால், அதிகம் உழைத்து அந்த ஆண்டைச் சுருக்கவும் முடியாது. இன்றே சேர்ந்தால் விண்ணப்பத்துக்கு எட்டு மாதங்கள் மிஞ்சும். தயங்கும் ஒவ்வொரு மாதமும் அந்த எட்டிலிருந்துதான் கழியும்.

சித்தப்பாவின் வீட்டைக் காப்பது தவறாமல் கட்டப்படும் தவணைதான். அவருக்குத் தனியாக அனுப்பும் பணத்தால் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. இதை அவரிடம் மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். மாதந்தோறும் வங்கி ரசீதை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

அந்த ஓர் ஆண்டு முடிந்தால் பி.ஆர். விண்ணப்பத்துக்கான அழைப்பு உறுதி என்று நான் சொல்லமாட்டேன். கனடிய அனுபவப் பிரிவின் அழைப்புச் சுற்றுகளில் 2025இல் 500க்கு மேல் புள்ளிகள் தேவைப்பட்டன. பிரெஞ்சு மொழிப் பிரிவிலோ அதே ஆண்டு மார்ச்சில் 379 வரை இறங்கியது. ஆகவே டெலிவரியை விட்டு மிச்சமாகும் மாலை நேரத்தைப் பிரெஞ்சுக்குக் கொடுங்கள்.

வேலையில் சேருமுன், நீங்கள் செய்யப்போகும் பணிகள், வார மணி நேரம், சம்பளம் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயருக்குப் புக்கீப்பர் என்று எழுதிவிட்டு வெறும் கணக்கு எழுத்தர் வேலையைத் தந்தால், அது டீர் 4 ஆகிவிடும்.