சென்னையின் பெரிய கிறிஸ்தவ சபைகளில் இளைஞர் கூட்டம் அலைமோதுவது ஏன்? அவர்கள் அங்கேயே நிலைக்கிறார்களா?

கேள்வி கேட்டவர், பாரம்பரிய சபைகளில் முன் வரிசையெல்லாம் நரைத்த தலையாக இருக்க, பெரிய பெந்தெகொஸ்தே சபைகளில் மட்டும் இளைஞர்கள் குவிவதற்கு இசையும் விளக்கும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறார்.

இசை, விளக்கு, பெரிய எல்இடி திரை எல்லாம் உண்டுதான். ஆனால் அதற்காக மட்டும் வருகிறவருக்கு நாலு வாரத்தில் அலுத்துவிடும். என் கணிப்பு வேறு: அங்கே யாரும் அவர்களை ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் பெரிய ஈர்ப்பு.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பெருங்குடியில் வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல் என்று சென்னை வாழ்க்கை தொடங்கியபோது, முதலில் தேடிப் போனது நம்ம சிஎஸ்ஐ கோயிலைத்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒரு ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "எந்த ஊரு பிள்ள? அப்பா பேரு என்ன? அம்மாவுக்கு எந்த ஊரு?" தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், இந்த மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும். நான்காவது கேள்வி கல்யாணம் பற்றியது. அவர் அன்பானவர்தான், மறுவாரம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆனால் அந்தச் சபையில் நான் உட்கார இடம் எது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லோரும் அம்மாக்கள். வாலிபர் கூட்டத்தில் எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். இருபத்தெட்டு வயதில், கல்யாணமாகாமல், பெற்றோர் ஊரில் இருக்க, தனியாகச் சம்பாதிக்கும் ஒருத்திக்கு அங்கே ஒரு சங்கமும் கிடையாது. பதிவேட்டில் என் பெயர் ஊரில் அப்பாவின் குடும்பத்தோடு இருந்தது. சென்னையில் நான் விருந்தாளி.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சிஎஸ்ஐ பிறந்தது 1947 செப்டம்பர் 27-ல், இதே சென்னையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில். அதில் சேர்ந்த சபைகள் அதற்கும் மிகப் பழையவை. வேப்பேரி, புரசைவாக்கம், ராயபுரம் போன்ற, தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் குடியிருந்தவர்களின் பேட்டைகளில் வளர்ந்தவை. 2000-ல் டைடல் பார்க் வந்த பிறகு வேலை தெற்கே நகர்ந்தது, பின்னாலேயே ஹாஸ்டல்களும். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் குடிவந்த பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்துக் கோயில் எதுவும் அங்கே இல்லை. அந்த இடத்தைக் கல்யாண மண்டபத்திலும் ஆபீஸ் மாடியிலும் கூடிய புதிய சபைகள் பிடித்துக்கொண்டன.

பெரிய சபை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சைதாப்பேட்டை சின்னமலையில் இருக்கும் புது வாழ்வு ஏஜி (அசெம்பிளி ஆஃப் காட்) என்ற பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் மோகன் 1973-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கியது. இன்று ஞாயிறன்று ஒன்றன்பின் ஒன்றாக, வெவ்வேறு மொழிகளில் ஆராதனைகள். அமெரிக்க ஷிப்ட் முடித்து விடியற்காலையில் படுக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எட்டரை மணி ஆராதனை ஒன்றே உள்ள சபைகளுக்குப் புரிவதில்லை. தூங்கி எழுந்து, தமிழோ இங்கிலீஷோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துவிடலாம். ஆங்கில மீடியத்தில் படித்து, தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கும் அதே சௌகரியம்.

ஊர் கேட்காத கூட்டம் என்பது தலித் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு இன்னும் பெரிய நிம்மதி. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. காகிதத்தில் சாதி போய்விட்டது, கோயில் வாசலில் போகவில்லை. ஆயிரம் பேரில் ஒருவராகக் கைதட்டிப் பாடிவிட்டு வருவதில் அவர்களுக்கு ஒரு விடுதலை இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் சாதியே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் பார்க்கும் நேரத்தில் அது நேரத்துக்கு வந்து ஆஜராகிவிடும்.

(கத்தோலிக்கர் கதை தனி. அவர்களுக்குப் பங்கு, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி, என்று எல்லை உண்டு. ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலில் நின்று பாருங்கள். நடந்தே வரும் இளைஞர்களை யாரும் எந்தப் பங்கு என்று கேட்பதில்லை, கிறிஸ்தவர்தானா என்றுகூடக் கேட்பதில்லை.)

சரி, நிலைக்கிறார்களா? ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. 2020 ஊரடங்கில் யூடியூபில் ஆராதனை பார்க்கப் பழகியவர்கள், போதகர் பிடிக்காவிட்டால் அடுத்த சேனலுக்குப் போய்விடுகிறார்கள். நிலைப்பவர்கள் செல் குரூப்பில், அதாவது வீடுகளில் கூடும் சிறு ஜெபக் குழுவில், இருப்பவர்கள். கொரியாவில் சியோல் நகரின் யோய்டோ சபை இந்த வீட்டுக் குழு முறையை வைத்தே உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. சென்னையில் இது எப்படி நடக்கிறது என்றால்: வெள்ளி இரவு ஒன்பது மணி, துரைப்பாக்கத்தில் யாரோ ஒருவரின் பிளாட், வாசலில் பத்துப் பதினைந்து செருப்பு, இரண்டு பாட்டு, ஒரு வசனம், அப்புறம் ஜெபக் குறிப்பு. ஜெபக் குறிப்பில்தான் உண்மை வெளிவரும்: அப்ரைசல், வீட்டு லோன், பிரேக்கப், அம்மாவின் சர்க்கரை. எங்கள் குழுவில் ஒரு பையனுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி மாற்றி மாற்றி இருந்தது இந்தக் குழுதான். சபையின் தலைமைப் போதகருக்கு அவன் பெயர் தெரியாது. தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை, அவ்வளவு பேர்.

கல்யாணம் நிச்சயமானால் கதை மாறும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் பெற்ற போதகர் யார் நடத்தினாலும் திருமணம் செல்லும். ஆனால் சம்பந்தி வீட்டுக்குச் சட்டம் போதாது. சிஎஸ்ஐ கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்றால், திடப்படுத்தல் (முழு உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு) சான்றிதழ் எங்கே, சபைக் கடிதம் எங்கே, சந்தா பாக்கி எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பார்கள். மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். அஞ்சு வருஷம் கைதூக்கிப் பாடியவர் அன்றைக்கு ஊர் ஐயருக்கு (சிஎஸ்ஐ போதகரை அப்படித்தான் சொல்வோம்) போன் போடுவார்.

அதனால் எங்கள் குழுவில் விவரமானவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு ஆராதனை இங்கே. சந்தா ஊரில், அப்பா கையால் மாதாமாதம். அறுப்பின் பண்டிகைக்கு (கோயிலின் அறுவடைத் திருநாள்) லீவு போட்டுப் போய், காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை யாரும் நினைக்காத விலைக்கு எடுத்துவிட்டு வருவார்கள். கமிட்டிக்காரர்கள் ரொம்ப சந்தோஷமாக ரசீது போடுவார்கள்.